உயிருள்ளவை மட்டும் மலையேறலாம்

பைஷீ மலையில் ஒரு சரக்கு மோட்டார் தீப்பிடித்து, மூங்கில் காட்டில் ஒரு மூலை எரிந்துபோனது. அதற்கடுத்த வாரம் மலையடிவாரத்து வாசலில் மாவட்ட நிர்வாகம் ஒரு பலகை நட்டது. "உயிருள்ளவை மட்டும் மலையேறலாம்."

மோட்டார் கூடாது என்று எழுதியிருக்கலாம். அப்படி எழுதினால் மின்சார வண்டிக்காரன் வாதாடுவான், மின்சாரத்தையும் சேர்த்தால் ட்ரோன் விடுகிறவன் வாதாடுவான் என்று யோசித்த ஓர் அதிகாரி, ஒரே வரியில் எல்லோர் வாயையும் அடைத்துவிட்டார். அந்த வரிக்காக அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அவர் மாகாணத் தலைநகருக்குப் போய்விட்டார். வரி இங்கேயே தங்கிவிட்டது.

வரி என்று ஒன்று இருந்தால் அதற்குப் பொருள் சொல்ல ஆள் வேண்டும். ஆட்கள் வந்தார்கள். ஆட்கள் உட்கார நாற்காலி வந்தது. பழைய விதைக் கிடங்குக்கு வெள்ளையடித்து, சிவப்பு ரிப்பன் வெட்டி, உயிர்நிர்ணய அலுவலகத்தைத் திறந்தார்கள். இயக்குநராக நியே என்பவர் வந்து சேர்ந்தார். அதற்கு முன் அவர் உப்புத் துறையில் இருந்தார்.

இதெல்லாம் பாங் தெஹாய்க்குத் தெரியாது. மலையுச்சியில் இருக்கும் விடுதிகளுக்கு அரிசி, முட்டைக்கோஸ், பீர்ப் பெட்டி, சலவைத் துணி எல்லாவற்றையும் ஏற்றிப்போவது அவர் பிழைப்பு. ஏற்றிப்போக அவரிடம் ஒரு கோவேறு கழுதை இருந்தது. தாய் குதிரை, தகப்பன் கழுதை. சாம்பல் நிறம், நெற்றியில் சுழி, நல்ல பிடிவாதம். வீட்டில் பாங் ஒன்று, மனைவி யின்சுய் இரண்டு, அது மூன்று. அதனால் அதற்கு 'மூணாவது' என்றே பெயர் வைத்திருந்தார்கள். நாலாவது என்று அந்த வீட்டில் யாரும் வரவில்லை. வரும் வரும் என்று யின்சுய் பல காலம் காத்திருந்து, பிறகு வேண்டிக்கொள்வதையும் விட்டுவிட்டாள்.

ஒரு நாள் காலையில் வாயிற்காவலர் குறுக்கே கையை நீட்டினார்.

"பாங் அண்ணே, நீ போலாம். அது போக முடியாது."

"ஏன்? அதுக்கு என்ன வந்துச்சு?"

"பலகையப் பாரு. உயிருள்ளது மட்டும்தான்."

பாங் பலகையைப் பார்த்தார். மூணாவதைப் பார்த்தார். அது காவலரின் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது உயிரோடதானே இருக்கு?"

"எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா எனக்குத் தோணுறதுக்கெல்லாம் முத்திரை கிடையாதே. நான் போறேன்னா என்கிட்ட அடையாள அட்டை இருக்கு. உன்கிட்டயும் இருக்கு. இதுகிட்ட என்ன இருக்கு? அலுவலகத்துக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிட்டு வா. அரை நாள் வேலை."

பாங் கழுதையைத் திருப்பினார்.

அலுவலகச் சுவரில் உயிரின் ஏழு இலக்கணங்கள் பெரிய எழுத்தில் எழுதியிருந்தன. உணவு, மூச்சு, கழிவு, அசைவு, வளர்ச்சி, எதிர்வினை, இனப்பெருக்கம். அவற்றின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் இயக்குநர் நியே. மூடிபோட்ட கண்ணாடிக் குவளையில் தேநீர் இருந்தது. பாங் நீட்டிய சிகரெட்டை வாங்கிக் காதில் செருகிக்கொண்டார். அதனால் மனிதர் நல்லவர்தான் என்று பாங் நினைத்தார்.

"பயப்படாதீங்க. இது சாதாரணச் சோதனை. உயிர் இருக்கிறவனுக்கு எதுக்குப் பயம்?" என்றார் நியே.

சோதனை முற்றத்தில் நடந்தது. புது இடம் என்பதால் மூணாவது நாலு காலையும் ஊன்றி நின்றது. அசைவு இல்லை என்று எழுத்தர் எழுதிக்கொண்டார். காதருகே மணி அடித்தார்கள். காது லேசாகத் துடித்தது. காற்றாக இருக்கலாம் என்று நியே கருதினார். உயரத்தை அளந்துவிட்டு, அடுத்த மாதம் வந்து மறுபடி அளக்கச் சொன்னார்கள். பாங் அடுத்த மாதமும் வந்தார். அதே உயரம். வளர்ச்சி இல்லை. கழிவு என்ற தலைப்பில் மட்டும், புதிதாகத் தளம் போட்ட வராந்தாவில், மூணாவது எவரும் மறுக்க முடியாத தேர்ச்சி பெற்றது.

கடைசியில் நியே கண்ணாடியைக் கழற்றினார்.

"குட்டி?"

"இதுங்க குட்டி போடாதுங்க ஐயா. கோவேறு கழுதை இல்லையா? குதிரைக்கும் கழுதைக்கும் பொறந்தா அப்படித்தான்."

"இதோட அம்மா குட்டி போட்டுச்சா?"

"அது போட்டதுதாங்க இது."

"அப்ப அம்மாவுக்கு உயிர் இருந்திருக்கு. இதுக்கு ஆதாரம் இல்ல." நியே பரிவோடு சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. உயிர் இல்லன்னு நாங்க சொல்லவே மாட்டோம். அவ்வளவு கொடூரமான ஆபீஸ் இல்ல இது. உயிர்னு சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லன்னுதான் சொல்றோம்."

உயிரில்லாதது, ஆனால் சரக்கு இழுக்கும். இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. மூணாவதை இயந்திரம் என்று பதிவு செய்தார்கள். இயந்திரமானால் எண்பலகை வேண்டும், பின்பக்கம் சிவப்பு விளக்கு வேண்டும், புகைச் சோதனை வேண்டும். புகைச் சோதனைக் குழாயை எந்த இடத்தில் வைப்பது என்று அதற்கான ஊழியர் இருவர் நெடுநேரம் விவாதித்து, ஒருவர் வைக்கப்போய், மற்றவர் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அந்த உதையை எதிர்வினையாக ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பாங் கேட்டார். அது வேறு பிரிவில் விழுந்த உதை என்று விளக்கம் சொன்னார்கள்.

எல்லாம் முடிந்து எண்பலகையை மூணாவதின் கழுத்தில் மாட்டி மலைவாசலுக்குப் போனால், காவலர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணே, இப்ப சுத்தமா முடியாது. முன்னாடி சந்தேகமாவது இருந்துச்சு. இப்ப இது மோட்டார்னு நீயே போர்டு மாட்டி இழுத்துட்டு வந்துட்டியே!"

அன்றிலிருந்து பாங் முதுகில் சுமந்தார். சாமான் கூடைக்கு மேல் கூடை. மலையில் படிகள் அதிகம். முழங்கால் இரண்டும் வீங்கி, இரவில் யின்சுய் சூடான சாராயத்தைத் துணியில் நனைத்து ஒற்றடம் கொடுப்பாள். மூணாவது கொட்டிலில் நின்று தின்றுகொண்டிருந்தது. உழைக்காத மிருகத்துக்கு உடம்பு மினுமினுவென்று ஆகிவிட்டது.

இதற்கிடையில் அடிவாரத்தில், அரிசிக் கஞ்சியை ஜாடியில் புளிக்கவைத்து எடுக்கும் புளிச்சாற்றுக்குக் கடை வைத்திருந்த அன் என்கிற பெண்மணி, வேறு எதற்கோ அலுவலகத்துக்குப் போனவள், கையோடு புளிச்சாற்று ஜாடியையும் கொண்டுபோயிருந்தாள். அலுவலகத்தில் அன்றைக்கு வேறு வேலை இல்லை. ஜாடியைச் சோதித்தார்கள். அரிசிக் கஞ்சி ஊற்றினால் தின்கிறது. குமிழி விடுகிறது, அது மூச்சு. நாற்றம், அது கழிவு. மூடிவரை வளர்ந்திருக்கிறது. திறந்தால் சீறுகிறது. ஒரு கரண்டி எடுத்து வேறு ஜாடியில் விட்டால் இன்னொன்று பிறக்கிறது.

"அசைவு?" என்றார் நியே.

அந்த நேரம் பார்த்து ஜாடி மேசையின் ஓரத்துக்கு நகர்ந்தது.

"மேசை சாய்வுங்க" என்றாள் அன்.

"நீங்க குறுக்க பேசாதீங்க. அது அதோட சோதனை."

ஏழுக்கு ஏழு. அலுவலகம் திறந்து முழு மதிப்பெண் வாங்கிய முதல் உயிர் அதுதான். ஜாடியோடு சேர்ந்து நின்று படம் எடுத்துச் செய்தித்தாளில் போட்டார்கள். மலையுச்சி விடுதிக்காரர்கள் அந்த ஜாடியை உடனே மேலே அனுப்பச் சொன்னார்கள். சான்றிதழ் இருப்பதால் ஜாடிக்குத் தடையில்லை. ஆனால் அதனால் நடக்க முடியவில்லை. பாங்தான் முதுகில் கட்டிக்கொண்டு ஏறினார். வாசலில் காவலர் ஜாடிக்குச் சலாம் வைத்தார். "ஒழுங்கா புடிச்சுக்கண்ணே, உயிர் விஷயம்" என்று அவர் சொன்னது கிண்டலா உண்மையா என்று பாங்குக்குப் புரியவில்லை.

அன்று மாலை வீடு திரும்பி, காலைச் சுடுநீரில் வைத்தபடி பாங் நடந்ததைச் சொன்னார். குட்டி போடாததால்தான் தோல்வி என்பதை அவர் அதுவரை மனைவியிடம் சொல்லாமல் மறைத்திருந்தார். களைப்பில் வாய் தவறி வந்துவிட்டது.

யின்சுய் துணியைப் பிழிந்து கயிற்றில் போட்டாள். மறுநாள் அலுவலகத்துக்குத் தனியாகப் போனாள்.

"பிள்ளை பெறாதது உயிரில்லன்னு இங்க எழுதியிருக்காமே?"

"இனப்பெருக்கம் ஏழாவது இலக்கணம்மா" என்றார் நியே.

"எனக்கும் இல்ல."

எழுத்தர்கள் தட்டச்சை நிறுத்தினார்கள். நியே சங்கடத்துடன் தேநீர்க் குவளையின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தார்.

"நீங்க கவலைப்பட வேண்டாம்மா. நீங்க மனுஷி. அடையாள அட்டை வெச்சிருக்கீங்க. அட்டை இருக்கிற வரைக்கும் உங்கள யாரும் ஒண்ணும் கேக்க முடியாது."

"அட்டை தொலைஞ்சுபோனா?"

"ஒரு மாசத்துக்குள்ள புதுசு எடுத்துரணும்."

"அந்த ஒரு மாசம் நான் யாரு?"

இந்தக் கேள்விக்கு விதிகளில் இடமில்லை. நியே கெட்டவரல்ல. அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. வருத்தப்படும்போது வழக்கமாக என்ன செய்வாரோ அதையே செய்தார். ஒரு கருத்தரங்கு நடத்தினார்.

நகரத்திலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வந்தார்கள். லியாங் என்ற அம்மையார் உயிரியல் படித்தவர். ஓயாங் என்ற முதியவர் தத்துவம் படித்தவர். முற்றத்தில் 'உயிரைப் போற்றுவோம்' என்று நீளமான சிவப்புத் துணியில் மஞ்சள் காகித எழுத்துகளைப் பசைபோட்டு ஒட்டிக் கட்டியிருந்தார்கள். மூணாவதை மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பாங்கும் யின்சுய்யும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள்.

லியாங் எழுந்து, எந்த இலக்கணம் போட்டாலும் ஏதாவது ஒன்று வெளியே நிற்கும், ஏதாவது ஒன்று தப்பி உள்ளே வந்துவிடும் என்றார். நெருப்பு தின்கிறது, வளர்கிறது, பெருகுகிறது. அதற்கு உயிர் இல்லை. கோவேறு கழுதை பெருகுவதில்லை. ஆனால் அதன் உடம்பில் ஒவ்வொரு செல்லும் பிரிந்து பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கிறது. செல்லுக்கு உயிர் உண்டு.

நியே முன்னால் குனிந்தார். "அப்ப செல்லெல்லாம் மலையேறலாமா?"

"என்ன கேக்குறீங்க?"

"தனித்தனியா விண்ணப்பம் போட்டா பரிசீலிக்கலாம். மொத்தமா வர்றதுக்குத்தான் வழியில்ல."

லியாங் உட்கார்ந்துவிட்டார். ஓயாங் ஊன்றுகோலுடன் எழுந்தார். உயிருள்ளதற்குத் தனக்கென்று ஒரு நோக்கம் உண்டு, இயந்திரத்துக்குப் பிறர் வைத்ததுதான் நோக்கம், இதுதான் வித்தியாசம் என்றார். சோதித்துப் பார்க்கலாம் என்று இறங்கிவந்து மூணாவதின் கயிற்றைப் பிடித்து, "வா" என்றார். அது வரவில்லை. இழுத்தார். அது காதைப் பின்னால் மடித்துக்கொண்டு நின்றது. கிழவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா? மாட்டேங்குது! மாட்டேன்னு சொல்றது எதுவோ, அதுக்கு உயிர் இருக்கு!"

பாங் கைதட்டப் போனார். நியே கையை உயர்த்தினார்.

"பேராசிரியரே, இது ஆபத்தான கருத்து. மாட்டேன்னு சொல்றதுதான் உயிர்னா, நான் எங்க போறது? இருபத்தாறு வருஷ சர்வீஸ். உப்புத் துறைல இருந்தேன். உப்ப வெள்ளைனாங்க, வெள்ளைன்னேன். அடுத்த வருஷம் சாம்பல்னாங்க, சாம்பல்னேன். ஒரு தடவகூட, ஒரே ஒரு தடவகூட, நான் மாட்டேன்னு சொன்னதில்ல. எனக்கு மூணு விருது குடுத்திருக்காங்க. மேல இருந்து போன் வந்தா எந்திரிச்சு நின்னுதான் பேசுவேன், வீட்ல இருந்தாலும். என் பொண்டாட்டி என்ன சொல்வா தெரியுமா? 'நீங்க இருக்கீங்களா இல்லையான்னே தெரியல, வீடு அவ்வளவு அமைதியா இருக்கு'ம்பா. இதவிட ஒரு மனுஷன் ஒழுங்கா இருக்க முடியுமா?"

ஊழியர்கள் பலத்த கைதட்டலை எழுப்பினார்கள். ஓயாங் நியேயை உற்றுப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

கருத்தரங்கின் முடிவு, மூணாவதை அலுவலக முற்றத்திலேயே வைத்துக் கண்காணிப்பது என்று வந்தது. அது தானாக உணவு தேடுகிறதா, தானாக அசைகிறதா என்று பார்க்க வேண்டும். எனவே யாரும் தீனி போடக் கூடாது. யின்சுய் சோளக் கூடையோடு வந்தபோது கதவில் தடுத்தார்கள்.

"பசிக்கும் அதுக்கு."

"பசிக்குதான்னுதாம்மா பாக்குறோம்."

அவள் கூடையைக் கதவோரம் வைத்துவிட்டுப் போனாள். அதைச் சான்றைக் கலைக்கும் முயற்சி என்று அப்புறப்படுத்தினார்கள்.

மூணாவது தானாகத்தான் தேடியது. முற்றத்தில் புல் இல்லை, சிமெண்டுத் தரை. பசையில் மாவு வாசனை வந்தது. அது 'உயிரைப் போற்றுவோ' வரைக்கும் தின்றது. துணி, காகிதம், பசை, கட்டிய பிளாஸ்டிக் கயிறு எல்லாம் உள்ளே போய்விட்டன. உணவு என்ற தலைப்புக்கு நேரே எழுத்தர் ஒரு குறி போட்டார்.

மறுநாள் அது படுத்துப் புரண்டது. வயிறு கல்லாகி, மேலெல்லாம் வியர்த்துவிட்டது. சேதி கேட்டுப் பாங் வீங்கிய முழங்காலோடு ஓடிவந்தார்.

"ஐயா, வயித்துவலி. எழுப்பி நடக்க விடணும். படுக்கவிட்டா குடல் முறுக்கிக்கும். கயித்த குடுங்க!"

"நீங்க இழுத்தா அது தானா அசைஞ்சதா கணக்காகாது" என்றார் நியே. "கொஞ்சம் பொறுங்க. மேல கேட்டுச் சொல்றேன்." போனை எடுத்து, எழுந்து நின்றார்.

மேலே இருந்தவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

பாங் கேட்காமல் உள்ளே புகுந்து, கழுத்தில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தார். யின்சுய் வந்து மறுபக்கம் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்தும் முடியவில்லை. கனத்த மிருகம், அந்த மாதங்களில் இன்னும் கனத்திருந்தது. பிறகு யின்சுய் தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். காதின் உள்மடிப்பில் விரலால் வருடினாள், அதற்குப் பிடித்த இடம் அது. அது ஒருமுறை அவள் கையை மோந்து பார்த்தது. பாங் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் அழுது யின்சுய் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. நிழல் சுவரேறுவதற்குள் மூணாவதின் மூச்சு நின்றுவிட்டது.

"இயந்திரக் கோளாறு" என்று எழுத்தர் எழுதினார்.

அதற்குப் பிறகுதான் அலுவலகத்துக்கு உண்மையான சிக்கல் வந்தது. நல்ல கோடைக்காலம். மாகாணத்திலிருந்து மேற்பார்வையாளர் வருவதாகத் தகவல் வந்திருந்தது. கால்நடைப் புதைப்புத் துறைக்கு ஆள் விட்டார்கள். உயிரற்ற பொருளைத் தாங்கள் புதைப்பதில்லை என்று பதில் வந்தது. பழைய இரும்புக் கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்தைச் சுற்றிவந்தார். "கழுத்துல இருக்கிற எண்பலகைய மட்டும் எடுத்துக்கறேன்" என்றார். பாங் கேட்டால் கொடுத்துவிடலாமே என்று யாரோ யோசனை சொன்னார்கள். பாங் கேட்கத்தான் செய்தார். இயந்திரத்தை வயலில் புதைத்தால் மண் கெடும் என்று சுற்றுச்சூழல் துறை அனுமதி தரவில்லை.

மூன்றாம் நாள் நியே ஜன்னல்களை மூடச் சொன்னார். நாலாம் நாள் ஜன்னல் மூடியும் பயனில்லாமல் போனது. நடைபாதையில் போகிறவர்கள் அலுவலகத்தைப் பார்த்துத் துப்பிவிட்டுப் போனார்கள்.

யின்சுய் தினமும் வந்து வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் கத்தவில்லை. அவளைத் தாண்டித்தான் எல்லோரும் போகவேண்டியிருந்தது. நியே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் முன் வந்து நின்றார்.

"வீட்டுக்குப் போங்கம்மா. நாங்க ஒரு முடிவு எடுப்போம்."

"அது செத்துப்போச்சு ஐயா."

"அப்படிச் சொல்ல முடியாதும்மா."

"மோந்து பாருங்க." அவள் எழுந்தாள். "நாப்பது வீடு தாண்டி நாறுது. மோட்டார் நாறுமா? உங்க மேசை நாறுமா? அது செத்துப்போச்சு. உயிரில்லாதது எப்படிச் சாகும்? சொல்லுங்க. எப்படிச் சாகும்?"

நியே வாயைத் திறந்தார். திறந்தவுடன் காற்று உள்ளே போனதால் மூடிக்கொண்டார்.

மறுநாள் மேற்பார்வையாளர் வருகிறார். அன்று மாலையே அவசரக் கூட்டம் கூடியது. ஐந்து நிமிடத்தில் ஏகமனதாக ஒரு திருத்தம் நிறைவேறியது. இறந்துபோவது எதுவோ அது உயிருள்ளது. மூணாவது இறந்திருப்பது மூக்குள்ள எல்லோராலும் உறுதிசெய்யப்படுவதால், அது உயிருள்ளது என்று அலுவலகம் சான்றளிக்கிறது. சான்றிதழைக் காட்டியதும் புதைப்புத் துறை அந்த நிமிடமே வண்டி அனுப்பியது. வெள்ளையடித்தார்கள், ஊதுவத்தி கொளுத்தினார்கள்.

மேற்பார்வையாளருக்குத் திருத்தம் ரொம்பப் பிடித்துவிட்டது. ஏழு இலக்கணம் எதற்கு, ஒன்றே போதுமே என்றார். மேலும், மரணம் ஒன்றுதான் மேல்முறையீட்டுக்கு இடம் தராத ஆதாரம். நியேக்கு நாலாவது விருது கிடைத்தது. அதற்குப் பிறகு உயிர்ச் சான்றிதழ் வேண்டுவோர் முதலில் இறப்புக்கான ஆதாரத்தைக் கொண்டுவர வேண்டும் என்று விதி மாறியது. புளிச்சாற்று ஜாடியின் சான்றிதழை, அது இன்னும் கெட்டுப்போகாததால், திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

மூணாவதின் சான்றிதழைப் பாங் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தங்க எழுத்து, சிவப்பு முத்திரை. யின்சுய் அதை வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

இலையுதிர்காலத்தில் அறுவடைச் சந்தைக்கு ஆற்றைக் கடந்து போய், இருவரும் ஓர் இளங்கோவேறு கழுதையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பழுப்பு நிறம், துடுக்கு. வழியெல்லாம் யின்சுய்யின் சட்டைக் கையை மென்றுகொண்டே வந்தது. வேறு பெயர் வைக்கலாம் என்று பாங் சொன்னார். யின்சுய் யோசித்துவிட்டு, 'நாலாவது' என்றாள். பாங் அவளைப் பார்த்தார்.

முட்டைக்கோஸ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலைவாசலுக்கு இருவருமே போனார்கள். அன்றைக்கு அங்கே ஆய்வுக்காக நியேயும் வந்து நின்றிருந்தார். காவலர் குறுக்கே கையை நீட்டவேண்டியதாயிற்று.

"சான்றிதழ் இருக்காண்ணே?"

யின்சுய் முன்னால் வந்தாள்.

"இல்லீங்க" என்றாள். "இது உயிரோட இருக்கு."

காவலர் நியேயைத் திரும்பிப் பார்த்தார். நியே சட்டைப்பையிலிருந்து திருத்திய விதிப்புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தை ஒருமுறையும் இரண்டாம் பக்கத்தை இரண்டு முறையும் படித்தார்.

"சரியாத்தான் சொல்றாங்க. செத்தாத்தான் சான்றிதழ். திறந்து விடு" என்றார்.